தணிகாசலம் மெழுகு

போன மாதம் வீணைப் பட்டறைக்கு வந்திருந்தேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள், பழைய கதை ஏதாவது சொல்லுங்கள் சார் என்று கேட்டீர்கள். நானும் மரம் பார்க்கப் போன இடத்தில் நாய் துரத்தி வேலி தாண்டின கதையைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்துவிட்டுக் கிளம்பினேன். வாசலுக்கு வரும்போது, மூலையில் ஒரு வீணைத் தண்டியில் பித்தளை மெட்டுகளை மெழுகில் பதித்துக்கொண்டிருந்த பெண்ணின் கையில் ஒரு மெட்டு நழுவியது. பக்கத்தில் இருந்தவர், "இன்னாமா, தணிகாசலம் மெழுகா?" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள்.

தணிகாசலம் யாரும்மா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"தெரியலீங்க சார். மெழுகு நிக்கலன்னா அப்டிதான் சொல்லுவாங்க. முன்னாடி யாரோ இங்க இருந்தாராம், வேலை சுத்தமில்லையாம்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நாய் கதைக்குத் தாவிவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஐந்தில் இந்தப் பட்டறையில் நாங்கள் ஆறு பேர். கோட்டக்குப்பத்து பாய் முதலாளி. மரக்கடை வைத்திருந்தவர், வீணை மேல் பைத்தியமாகி இதைத் தொடங்கினார். பழைய மரம் தேடிப் பிடித்து வாங்கி வருவது என் வேலை. குடம் குடைவதிலிருந்து மெட்டு வைப்பது வரை தணிகாசலம் ஆசாரி. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அதிகம் பேசமாட்டான். உளி பிடித்துவிட்டால் நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும், வேலை முடிகிறவரை உள்ளே போகாது. "டேய், நாக்குலயா செதுக்குற?" என்று தினமும் ஒருமுறையாவது கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே நாக்கை இழுத்துக்கொள்வான். ஒரு நிமிஷத்தில் மறுபடியும் வெளியே வந்துவிடும்.

மெட்டுகளைப் பிடித்து நிறுத்துகிற கறுப்பு மெழுகை அவன் காய்ச்சுகிற பக்குவம் வேறு யாருக்கும் வந்ததில்லை. பத்து வருஷம் கழித்துப் பழுதுக்கு வந்த வீணையில்கூட அவன் வைத்த மெட்டை அசைக்க முடியாமல் சூடு காட்டித்தான் எடுப்போம். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் புதுச்சேரியிலிருந்து ஒரு பாட்டு டீச்சர் ஏகாண்ட வீணை கேட்டார். குடமும் தண்டியும் ஒட்டுப் போடாமல் ஒரே கட்டையில் குடைந்தது. பழைய பலா மரமாக இருக்க வேண்டும், மரத்தின் ரேகை கண்ணுக்குத் தெரிய வேண்டும், சரஸ்வதி பூஜைக்குள் வேண்டும். பாய் ஒப்புக்கொண்டார். அன்று சாயங்காலம் தணிகாசலத்தைக் கூப்பிட்டார்.

"இருவது வருஷமா நம்ம பட்டறை பேர்ல செஞ்சிட்டே தணிகா. இது நல்லா வரட்டும், இன்ஷா அல்லாஹ், இதுல உன் பேரைப் போட்றலாம். இனிமே எல்லா வீணைலயும் உன் பேருதான்."

சும்மா சொல்லவில்லை. மறுவாரமே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகட்டில் பேரை வெட்டி வாங்கி வந்து கொடுத்துவிட்டார். 'தணிகாசலம் செய்தது'. அவ்வளவுதான். தணிகாசலம் அதைக் கைக்குட்டையில் சுற்றி உளிப்பெட்டியில் வைத்துக்கொண்டான். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைப்பான். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்டாட்டிக்குக் காட்டிவிட்டு, மறுநாள் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தான்.

மரத்துக்கு நான் பண்ருட்டி போனேன். நல்ல கட்டை என்று சத்தியம் செய்யாத குறையாகக் கொண்டுவந்து இறக்கினேன். பங்குனி வெயிலில் அது நட்ட நடுவில் வெடித்தது. பாய் திட்டவில்லை. "பரவால்ல ஏழுமலை, வேற பாரு" என்றார். திட்டியிருந்தால் நான் ஒழுங்காக இருந்திருப்பேன். அந்த மரியாதையான குரல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. மரம் பார்ப்பதில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

மூன்று வாரம் அலைந்தேன். பெருமுக்கல்லில் ஒரு பழைய வீட்டில் தூண்கள் அருமையாக இருந்தன. அண்ணன் தம்பி வழக்கில் வீடு பூட்டிக் கிடந்தது. அனுமந்தைப் பக்கம் போனால், சுனாமியில் உடைந்த படகுகளின் பலகையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுக்கவில்லை. பாய்க்கு ஒரு கண்டிப்பு உண்டு. படகு மரமும் உப்பள மரமும் பட்டறைக்குள் வரக்கூடாது. கடல் உள்ளே வந்துபோன பிறகு மலிவாக மரம் கிடைக்கும் என்று தெரிந்து, எங்கள் எல்லோரிடமும் அதை இரண்டு முறை சொல்லியிருந்தார்.

சித்திரை மாதம் மரக்காணத்தில் டீ குடிக்க நின்றபோது, ஓர் உப்பளக்காரர் தன் பழைய உப்புக் கொட்டகையைப் பிரிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். சுனாமித் தண்ணீர் ஓடை வழியாக ஏறி வந்து கொட்டகையின் ஒரு பக்கத்தைச் சாய்த்துவிட்டதாம். பார்ப்பதில் என்ன தப்பு என்று போனேன். இந்தத் தொழிலில் எல்லாத் தப்பும் பார்ப்பதில்தான் ஆரம்பிக்கிறது.

கொட்டகைக்கு நடுவே நின்ற பலாத்தூணைக் கீழே சாய்த்திருந்தார்கள். கட்டிப்பிடித்தால் விரல்நுனி லேசாகத்தான் தொடும், அவ்வளவு பருமன். எத்தனையோ வருஷம் கூரையைத் தாங்கிக் காய்ந்த மரம். தட்டினேன், வெண்கலமாகப் பேசியது. மேல் முனையில் ஒரு கை அகலத்துக்கு இழைத்து, பாட்டில் தண்ணீரை ஊற்றித் துண்டால் துடைத்தேன். உப்புப் பாத்தியில் தேங்கிய தண்ணீர் மேல் காற்று அடித்தால் ஒரு சுருக்கம் ஓடுமே, அதுபோலப் பொன்னிறத்தில் ரேகை ஓடியது. பலாவில் அப்படி ஒரு ரேகையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. அப்போதே அது எனக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் யோசித்ததெல்லாம் வாங்குவதற்கான காரணங்களை மட்டும்தான். உப்பில் புதைந்து நின்றது தூணின் அடிப்பக்கம். நான் எடுக்கப்போவது மேல் நாலடி. அதில் உப்பு பட்டதே இல்லை. பாய் சொன்ன கண்டிப்பு மரம் தெரியாதவர்களுக்கு. இப்படிப் போயிற்று என் கணக்கு.

அங்கே உப்பு சுமந்துகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கூடையை இறக்கிவிட்டு வந்தாள். அஞ்சலை என்று பேர். இருபது வருஷமாக அந்தக் கொட்டகையில் உப்பைக் கொட்டி அள்ளியவள்.

"அய்யா, இத்த எதுக்கு எடுக்கறீங்க?"

"வீணை செய்யம்மா."

"அய்யய்ய, வாணாங்க. இது உப்பு குடிச்ச கட்டைங்க. ஒடைஞ்ச துண்டக்கூட நாங்க அடுப்புல வெக்க மாட்டோம். படபடன்னு வெடிக்கும்."

"அடிப்பக்கம்தாம்மா உப்புல இருந்துச்சு. நான் எடுக்கறது மேல."

"உப்பு ஏறுங்க. செவுத்துல ஏறல? மழைக்காலத்துல வந்து பாத்திருக்கணும் நீங்க. உச்சி வரைக்கும் வேர்த்து நிக்கும். இப்ப வெயில், ஒண்ணும் தெரியாது." மேல் முனையிலிருந்து ஒரு சிராயைப் பெயர்த்து என்னிடம் நீட்டினாள். "நாக்குல வெச்சுப் பாருங்களேன்."

உப்பளக்காரர் நின்றிருந்தார். மூட்டை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். நான் வெள்ளைச் சட்டை, கையில் டேப். ஓர் உப்புக்காரப் பெண் சொன்னாள் என்று நாலு பேர் எதிரில் கட்டையை நக்குவதா?

"முப்பது வருஷமா மரம் பாக்கறேன்மா. நீ போய் உப்பப் பாரு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிராயைக் கீழே போட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் போவதைப் பார்த்தபோதே எனக்குள் ஏதோ உறுத்தியது. அந்தச் சிராய் என் காலடியிலேயே கிடந்தது. குனிந்து எடுத்து வாயில் வைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் குனியவில்லை.

வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது பாய் ஊரில் இல்லை. தணிகாசலம் கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாணா இது! எங்க புடிச்சே?"

"பெருமுக்கல். பழைய வீட்டுத் தூண்."

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? வழியெல்லாம் யோசித்து வைத்த பொய்கூட இல்லை. பாய் திரும்பி வந்து கேட்டபோதும் அதையே சொன்னேன். அவர் கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பண்ருட்டி அவமானம் அதோடு தீர்ந்தது.

குடம் குடைய ஆரம்பித்த மூன்றாம் நாள். கத்திரி வெயில். தணிகாசலம் உளியை வைத்துவிட்டு என்னிடம் வந்தான். உதட்டில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"ணா, கட்டை லேசா கரிக்கிற மாதிரி இருக்குதே."

சிரித்து மழுப்பினேன். "வேர்வைடா. இந்த வெயில்ல நாக்கை நீட்டிக்கினு குனிஞ்சு செதுக்கினா வேர்வை வாய்ல எறங்காதா?"

அவன் உதட்டிலிருந்த தூளைத் துடைத்தபடி என்னைப் பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான். "ஆமாணா, அதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தான்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். மூன்று நாள் உழைப்பும் ஒரு கட்டையும்தான் போயிருக்கும். பாய் கோபித்துக்கொண்டிருப்பார். என் கௌரவம் கொஞ்சம் குறைந்திருக்கும். அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்தேன்.

வீணை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். குடத்தின் முதுகு முழுக்க அந்த ரேகை. சாயம் பூசாமல் மெருகு மட்டும் கொடுத்தான். சரஸ்வதி பூஜைக்கு நாலு நாள் முன்னால் தகட்டைக் கைக்குட்டையிலிருந்து எடுத்து, தண்டியின் பக்கவாட்டில் இரண்டு சின்னத் திருகாணி வைத்து முடுக்கினான். டீச்சர் வாசித்துப் பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். தணிகாசலத்துக்குக் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். அந்த நிமிஷத்தில் நான் பொய் சொன்னதையே மறந்துபோயிருந்தேன் என்பதுதான் உண்மை.

ஐப்பசியில் மழை கொட்டியது. இரண்டாவது வாரமே டீச்சர் வீணையைக் காரில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். மெழுகு மரத்தைப் பிடிக்காமல் அப்படியே பெயர்ந்து வந்தது. மெட்டுகளில் பச்சைக் களிம்பு. எஃகுத் தந்திகளில் துரு. சபையில் வாசிக்கும்போது பாதிப் பாட்டில் மூன்று மெட்டுகள் சரிந்துவிட்டனவாம். அந்த அம்மா கத்தவில்லை. "நாலு பேர் எதிர்ல நிறுத்திட்டு எழுந்து வந்தேங்க" என்று மட்டும் சொன்னார்.

பாய் மெழுகை நகத்தால் கீறிப் பார்த்தார். "தணிகா, மெழுகு சரியா காய்ச்சலியா? பூஜைக்குள்ள குடுக்கணும்னு அவசரப்பட்டுட்டியா?"

தணிகாசலம் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். கேள்வி கேட்கிற பார்வைகூட இல்லை. நான் ஏதாவது சொல்லப்போகிறேனா என்று காத்திருந்தான், அவ்வளவுதான். நான் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தேன். எனக்குத் தெரியும் தம்பிகளே, அந்த நொடியே எனக்கு எல்லாம் தெரியும். மழை ஈரத்தில் கட்டைக்குள் இருந்த உப்பு வேர்த்து மெழுகைக் கிளப்புகிறது. உச்சி வரைக்கும் வேர்த்து நிக்கும் என்ற குரல் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

"என் கைத்தப்புதான் பாய்" என்றான் தணிகாசலம். "திருப்பி வெச்சுத் தரேன்."

இரண்டு முறை வைத்தான். இரண்டு முறையும் பெயர்ந்தது. இரண்டாம் முறை, காலையில் நான் சீக்கிரம் வந்துவிட்டேன். அவன் எனக்கு முன்பே வந்து வீணையின் முதுகை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். குடத்தின் விளிம்பில் மெல்லிசாக வெள்ளை பூத்திருந்தது. என்னைப் பார்த்ததும் துணியை அதன் மேல் போட்டு மூடினான். ஏதோ அழுக்கு என்று நினைத்துத் துடைக்கிறான், உப்பு என்று அவனுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

பாய் டீச்சருக்கு வேறு வீணை கொடுத்தனுப்பினார். ஏகாண்ட வீணையை மேலே பரணில் போட்டார். போடுவதற்கு முன் அந்தத் தகட்டைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்தார். பாய் கெட்டவர் இல்லை. "கொஞ்ச நாள் மெருகு வேலை பாரு தணிகா, மெட்டு வேலையை வேற ஆள் பாக்கட்டும்" என்று மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பட்டறையில் எல்லோர் காதிலும் விழுந்தது. அந்த மாதமே யாரோ முதல் தடவை 'தணிகாசலம் மெழுகு' என்றார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மறு வருஷம் தை மாதம் அவன் வெளிநாட்டுக்குப் போக முடிவு செய்தான். கட்டட வேலையில் சென்ட்ரிங் பலகை அடிக்கிற தச்சன். கோட்டக்குப்பத்தில் ஆள் எடுக்கிறவர்கள் நிறைய, விசா சீக்கிரமே வந்துவிட்டது. அவன் கிளம்புகிற அன்று காலையில் மெயின் ரோடு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். புதுப் பை, புதுச் செருப்பு. உளிப்பெட்டி இல்லை.

நான்கு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அப்போதுதான் வாயில் வந்தது.

"டேய் தணிகா, அந்தத் தூண் பெருமுக்கல் இல்லடா."

"தெரியும்ணா."

"மரக்காணம். உப்புக் கொட்டா."

"எங்கன்னு தெரியாது. உப்புன்னு தெரியும். வாய்ல பட்ட அன்னிக்கே தெரியும்."

"நான் வேர்வைன்னு சொன்னேன், நீயும் ஆமான்னியே..."

"என் வேர்வை எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதாணா?" என்றான். குரலில் கோபமே இல்லை. "நீ சொல்ற, தெரிஞ்சுதான் சொல்லுவேன்னு நெனச்சேன். என் நாக்கு தப்புன்னு விட்டுட்டேன். வாய்ல பட்டதை முழுங்கினது நான்தானே. என் மேலயும் தப்புதான்."

"பாய்கிட்ட இப்பவே போய் சொல்றேன்டா."

"வாணாம்ணா. நான் போறேன். உனக்குப் பொண்ணு கல்யாணம் வெச்சிருக்குது. ரெண்டு பேர் வேலையும் போவணுமா? உட்று."

பஸ் வந்தது. அவன் ஏறி உட்கார்ந்து கையை ஆட்டினான். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்குள்ளேயே, சொல்ல வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான் என்ற நிம்மதியும் இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் என்னை மன்னிக்காதது அந்த நிம்மதியைத்தான்.

பாய் இறுதிவரை இது தெரியாமலே காலமானார். நான் இன்னும் பல வருஷம் இருந்து, நீங்கள் போர்த்திய பொன்னாடையோடு ஓய்வு பெற்றேன். அன்று ஒருவர் மேடையில், சார் கை வைத்த மரம் ஒன்றுகூடச் சோடை போனதில்லை என்று பேசினார். கைதட்டினீர்கள். நான் கும்பிட்டேன்.

தணிகாசலம் எட்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தான். மறுபடி வீணையைத் தொடவில்லை. இப்போது திண்டிவனத்தில் மகள் வீட்டில் இருக்கிறான். அவனை இதற்கு முன் இரண்டே முறை போய்ப் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றிப் பேசியதில்லை. உங்கள் பட்டறையில் அந்தச் சிரிப்பைக் கேட்ட மறுநாள் மூன்றாம் முறையாகப் போனேன். நீங்கள் இன்றும் அப்படிச் சொல்கிறீர்கள் என்று சொன்னேன். சிரித்துவிடுவான் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றையும் சிரித்துத்தானே விட்டான்?

சிரிக்கவில்லை. பிறகு, "பலா மரம் இன்னாவோ ஆவட்டும்ணா. நான் காய்ச்சுன மெழுகு என்னிக்காவது வழுக்கியிருக்குதா? நீயே சொல்லு" என்றான். பத்தொன்பது வருஷமாக நான் சொல்லாததை என்னிடமே கேட்டான்.

இல்லைடா, ஒருநாளும் இல்லை என்றேன். அதை அவனிடம் சொல்லி என்ன பயன்? உங்களிடம் சொல்ல வேண்டியது.

மரம் தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று. தவறான கட்டையை நீங்களும் வாங்குவீர்கள், வாங்காதவர் கிடையாது. எங்கிருந்து வந்தது என்று செதுக்குகிறவர் கேட்டால் ஊர் பேரைச் சரியாகச் சொல்லுங்கள். அது ஒன்றைச் செய்திருந்தால் என் கதையில் ஒரு கட்டை மட்டும்தான் வீணாகியிருக்கும்.

டிராயரில் கிடந்த பித்தளைத் தகட்டை நான் ஓய்வு பெறும்போது யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டேன். அதைத் துடைத்து, இந்தக் காகிதங்களோடு வைத்து அனுப்புகிறேன். பரணில் அந்த வீணை இன்னும் கிடக்கிறது. இறக்கித் தகட்டை அதே இடத்தில் முடுக்குங்கள், திருகாணித் துளைகள் அப்படியே இருக்கும். தணிகாசலத்தைக் கூப்பிட்டால் வருவான் என்று நினைக்கிறேன். நான் வரமாட்டேன்.

இனிமேல் யார் கையிலாவது மெழுகு வழுக்கினால் அவன் பேரைச் சொல்லாதீர்கள். ஏதாவது சொல்லிச் சிரித்தே ஆக வேண்டுமென்றால், ஏழுமலை கொண்டுவந்த மரமா என்று கேளுங்கள்.